வலது பக்கம் சாஞ்ச வேன்

எங்கக்கா மரியகுழந்தை ஒரு கதவ மூடினா இழுத்துப் பாப்பா. நாலு அடி போயி, திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பாப்பா. வீட்டுக் கதவு, பீரோ கதவு, ஊரான் வீட்டுக் கதவு, எதுவா இருந்தாலும் சரி. பூசை முடியற நேரத்துல ஃபாதர் ஆசீர்வாதம் குடுப்பாரு, நாங்க எல்லாரும் தலைய குனிஞ்சிக்கினு இருப்போம். இவ மட்டும் ஒத்தக் கண்ண தெறந்து வெளிய செருப்பு இருக்குதான்னு பாத்துக்கினு இருப்பா. தேங்காய ஆட்டிப் பாத்து வாங்கறது எல்லாரும் செய்யறதுதான். இவ கேஸ் சிலிண்டர ஆட்டிப் பாப்பா. "இன்னாக்கா, உள்ள மீனா வளக்கறாங்க, இப்பிடி ஆட்டறீங்க?"ன்னு சிலிண்டர்காரன் ஒருநாள் கேட்டே கேட்டுட்டான்.

நான் ஐடா, அவளோட தங்கச்சி. தங்கச் சுரங்க ஊரு கோரமண்டல்ல, ஒரே லைன் வீட்டு வரிசைல, சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ வீடு, இந்தப் பக்கம் என் வீடு. நான் ஸ்கூல் வேன் ஓட்டறவ. அக்கா ரொம்ப வருஷம் விடிகாலை ரயில புடிச்சி பெங்களூர் போயி கார்மெண்ட்ஸ் கம்பெனில செக்கிங் வேலை பாத்தா. சட்டைய திருப்பிப் போட்டு தையல் எங்க விட்டிருக்குன்னு தேடறதுதான் வேலை. அந்தக் கண்ணு வேலைய விட்டப்புறமும் அவள விடல. மனுசங்களையும் திருப்பிப் போட்டுத்தான் பாப்பா.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். அவ பொண்ணு லவினாவுக்கு சின்ன வயசுல ஒரு ஜுரம் வந்துது. "ரெண்டு நாள்ல சரியாயிடும், பயப்படாதம்மா"ன்னு ஆஸ்பத்திரில ஒருத்தர் சொன்னாரு. அக்காவும் நம்பி வீட்டுக்குத் தூக்கிக்கினு வந்தா. ஜுரம் போச்சி, கூடவே ரெண்டு காலும் போச்சி. அன்னியிலேர்ந்து லவினாவுக்கு சக்கர நாற்காலி, எங்கக்காவுக்கு சந்தேகம்.

அந்த லவினாவுக்குத்தான் போன வருஷம் கவர்மெண்டு வேலை கிடைச்சிது. கோலார்ல கோர்ட்டு ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டு. பரீட்சை எழுதி, கன்னடத்துலயும் பாஸ் பண்ணி, தானா வாங்கின வேலை. ஆர்டர் கையில வந்தப்ப லைன் முழுக்க சந்தோஷம். எங்கக்கா ஆர்டர வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி சீல் ஒரிஜினலான்னு பாத்தா. அப்புறம் கேட்டா: "எப்பிடிப் போவ?"

கேள்வி நியாயமான கேள்விதான். பஸ்ல ஏறணும்னா கண்டக்டர் ஒரு பக்கம், யாரோ ஒரு ஆம்பள ஒரு பக்கம் தூக்கணும். "இனிமே என்னைய யாரும் மூட்ட மாதிரி தூக்கக்கூடாது ஆண்ட்டி"ன்னு லவினா என்கிட்ட சொன்னா. அப்பத்தான் என் பழைய ஸ்கூல் வேன் ஞாபகம் வந்துது. புது வேன் வாங்கினப்புறம் அது சும்மா வீட்டு முன்னாடி நின்னுக்கினு இருந்துச்சி. சீட்டெல்லாம் கழட்டிட்டு, பக்கவாட்டுக் கதவுல ஒரு சரிவுப் பலகை வெச்சா நாற்காலியோட ஏறிடலாம், ஸ்கூல் ட்ரிப் முடிச்சிட்டு நான் ஓட்டிக்கினு போவேன். ஆனா வேன் உசரம். பலகை செங்குத்தா நிக்குது, பின்னாலேர்ந்து ஒருத்தர் தள்ளினாத்தான் ஏறும். பின்னால தள்ள ஒரு ஆள் வேணும்னா அவ தனியா வேலைக்குப் போற கதை நடக்காது.

ராஜ்குமார்தான் வழி சொன்னான். கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால ஷெட் வெச்சிருக்கான். பெங்களூர்ல பெரிய பெரிய பஸ்ஸுக்கு ஏர் சஸ்பென்ஷன் மாட்டற எடத்துல வேலை கத்துக்கினு வந்தவன். "வேன மண்டி போட வெச்சிடலாம்"னு சொன்னான். ஸ்பிரிங் பட்டையில பாதிய எடுத்துட்டு, சேஸிக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல தடி ரப்பர்ல ஒரு காத்துப் பை. சக்கரத்துக்கு ஒண்ணு. சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு, காத்து சேத்து வைக்க ஒரு டாங்க், டிரைவர்கிட்ட ஒயரோட ஒரு சுவிட்ச்சுப் பொட்டி. கீழ அமுத்தினா புஸ்ஸுன்னு காத்து எறங்கி வேன் தாழும், பலகை படுத்துக்கும், அவளே சக்கரத்த உருட்டிக்கினு ஏறிக்கலாம். மேல அமுத்தினா வேன் எழுந்துக்கும். "அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ்ல ஒருதரம் காட்டிட்டா முடிஞ்சிது"ன்னான்.

அக்கா கேட்டா, "காத்துதான தூக்குது? காத்து போச்சின்னா?"

"ரப்பர் முட்டு ஒண்ணு கீதுக்கா, அது மேல உக்காந்துக்கும். ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதுன்னு முன்னாடியும் ஒருத்தர் சொன்னாரு."

அவன் மூஞ்சி சுருங்கிப்போச்சி. ஆனாலும் அக்கா ஒத்துக்கினா. ஏன் தெரியுமா? ஷெட்டோட தளத்துக்காக. அது சுரங்கக் கம்பெனி காலத்துல ஸ்டோரா இருந்த எடம். கூரையெல்லாம் போயி, ராஜ்குமார் ஷீட்டு போட்டுக்கினான். தளம் மட்டும் அப்பிடியே இருக்கு, ஒரு வெடிப்பு கிடையாது, கண்ணாடி மாதிரி வழவழன்னு. எங்கப்பா கம்பெனில கொத்தனார். அந்த தளம் போட்ட ஆளுங்கள்ல அவரும் ஒருத்தர். எங்க ஊர்ல ஒரு சாமான் உறுதியா இருக்குன்னா "கம்பெனி சாமான்"னு சொல்லுவோம், அதுக்கு மேல பேச்சே கிடையாது. அக்கா செருப்ப கழட்டிட்டு அந்த தளத்துல நின்னா. "இது அப்பா போட்டது"ன்னா. அவ திருப்பிப் பாக்காம நம்பின பொருள் அது ஒண்ணுதான்.

வேலை நடந்த நாளெல்லாம் அக்கா அங்க ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டா. வெல்டிங்க பாக்காதீங்க, கண்ணு போயிடும்னு அவன் சொல்றான், இவ முந்தானையால பாதி மூஞ்ச மூடிக்கினு பாக்கறா. ஸ்டேரிங்க முழுசா திருப்பினா டயர் பையில உரசுதான்னு குனிஞ்சி பாக்கறா. காத்துக் குழாய் சைலன்சர் பக்கமா போவுதுன்னு அவதான் கண்டுபுடிச்சி சொன்னா, அவனும் பல்லக் கடிச்சிக்கினு மாத்திக் கட்டினான். சுவிட்ச்சுப் பொட்டில எந்த பட்டன் எந்தப் பைக்குன்னு அவளுக்கு மனப்பாடம்.

கடைசியா உசரம் செட் பண்றப்ப, "லவினாவ கூட்டிக்கினு வாங்க, நாற்காலியோட ஏறி உக்காரட்டும், அந்த எடைக்கு செட் பண்ணிக்கலாம்"னு ராஜ்குமார் சொன்னான்.

"அவ எதுக்கு, இந்த ஆயிலுக்கும் புகைக்கும் நடுவுல? அவ எடைக்கு அரிசி மூட்டைய வை"ன்னுட்டா அக்கா.

அரிசி மூட்டையத்தான் வெச்சோம். ராஜ்குமார் வேனுக்குள்ள தரையில ரசமட்டத்த வெச்சான். கொத்தனாருங்க வெச்சிருப்பாங்களே, நடுவுல குமிழி ஓடற பட்டை, அதுதான். ஒவ்வொரு பையா காத்து விட்டு விட்டு, குமிழி சரியா நடுவுல வந்து நின்னுது. அக்காவும் எட்டிப் பாத்தா. குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல. பகல்ல அவனுக்கு லாரி வேலை, எங்க வேலைய சாயங்காலந்தான் எடுப்பான். அதனால நாங்க வேன வீட்டுக்கு ஓட்டிக்கினு வந்தப்ப நல்லா இருட்டிப்போச்சி.

காலைல அக்கா என் கதவ இடிச்சா. "ஐடா, வந்து பாரு."

வேன் வலது பக்கமா சாஞ்சி நின்னுது. ரொம்ப இல்ல, ரெண்டு விரல் அளவு இருக்கும். எங்க லைன் கோணலா இருக்கும்னு நெனச்சி சர்ச் மைதானத்துக்கு ஓட்டிக்கினு போயி நிறுத்திப் பாத்தோம். அங்கயும் அதே சாய்வு. திரும்பி வந்தப்ப லவினா வாசப்படிகிட்ட நாற்காலில இருந்து பாத்துக்கினே இருந்தா. திங்கக்கிழமைக்குள்ள வேலைல சேரணும், இல்லன்னா ஆர்டர் செல்லாது. அது எங்க எல்லாருக்குமே தெரியும்.

"ரப்பர் டூப்ளிகேட்டு. ராத்திரியில காத்து கசியுது"ன்னா அக்கா.

ஷெட்டுக்குப் போனோம். ராஜ்குமார் எல்லாக் காத்தையும் எறக்கிட்டு புதுசா ரொப்பி, எடம் எடமா சோப்புத் தண்ணிய ஊத்தினான். ஒரு குமிழி வரல. பழையபடி ரசமட்டத்த வெச்சி நேரா செட் பண்ணிக் குடுத்தான். இருட்டினப்புறம் வந்தோம். காலைல பாத்தா, சாய்வு.

"கசியல இல்ல, அப்ப யாரோ எறக்கறாங்க"ன்னு அக்கா முடிவு கட்டிட்டா. மொதல்ல சந்தேகம் எதிர் வீட்டு சாம்ராஜ் மேல. வேன் அவர் வாசல மறைக்குதுன்னு போன மாசம் சண்ட போட்டவரு. அவரு பாவம், ரெண்டு முட்டியும் போன மனுசன், வேன்ல ஏறவே முடியாது. அதச் சொன்னேன். "நடிக்கறாரு"ன்னா. அப்புறம் ராஜ்குமார் மேலயே போச்சி. "வேணும்னே ஏதோ பண்ணி வெச்சிருக்கான். நம்மள அலைய விடறான்." எனக்கு எரிச்சல் தாங்கல. "ஏன், போப்பாண்டவர் வந்து எறக்கிட்டுப் போனாருன்னு சொல்லேன்"னு கத்திட்டேன்.

அன்னிக்கி சாயங்காலமும் ஷெட்டுக்குப் போயி நேரா செட் பண்ணிக்கினு இருட்டினப்புறம் வந்தோம். அக்கா படுக்கல. வேன் கதவுகிட்ட ஒரு ஸ்டூலப் போட்டு, போர்வைய சுத்திக்கினு விடியற வரைக்கும் காவல் இருந்தா. ஒரு பூனை கூட வேன் பக்கம் வரலன்னு அவளே சொன்னா. ஆனா விடிஞ்சப்ப வேன் சாஞ்சிதான் இருந்துச்சி.

வெள்ளிக்கிழமை மறுபடி ஷெட்டுக்குப் போயி அக்கா ராஜ்குமார் மேல பாஞ்சா. உனக்கு வேலையே தெரியாது, பெங்களூர்ல நீ டீ வாங்கிக் குடுத்துக்கினு இருந்திருப்ப, அப்பிடி இப்பிடின்னு. அவன் எல்லாத்தையும் கேட்டுக்கினான். ஸ்பேனர கீழ வெச்சிட்டு என்னைப் பாத்து மெதுவா சொன்னான்:

"ஐடாக்கா, பை கசியல, நீங்களே பாத்தீங்க. ராத்திரி பூரா வெளியாளு யாரும் வரலன்னு இவங்களே சொல்றாங்க. அப்ப வேன்கிட்ட இருந்தது யாரு? பட்டனெல்லாம் யாருக்குத் தெரியும்? பொண்ணு வேலைக்குப் போவக்கூடாதுன்னு யாருக்கு மனசு? நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே யோசிங்க."

அக்கா வாயே தெறக்கல. என் ஆயுசுல அவ பதில் பேசாம நின்னத நான் பாத்ததில்ல. அதான் எனக்கும் சந்தேகம் வந்துடுச்சி. வீட்டுக்கு வந்து லவினாகிட்ட சொல்லியிருக்கக்கூடாது, ஆனா எனக்கு வாய் நிக்காது, சொல்லிட்டேன். லவினா நாற்காலிய என் பக்கம் திருப்பினா.

"நாளைக்கி நானும் ஷெட்டுக்கு வரேன்"ன்னா.

சனிக்கிழமை நான் வேன முன்னால கொண்டுபோயி ஷெட்டுக்கு வெளிய நிறுத்தினேன். லவினா யாரையும் தள்ள விடல. வீட்டுலேர்ந்து ஸ்டேஷன் ரோடு வழியா அவளே உருட்டிக்கினு வந்தா. அக்கா பத்தடி பின்னால நடந்து வந்தா. கூட நடக்கவும் முடியல, தனியா விடவும் முடியல. ஷெட்டுக்குள்ள, தளத்துக்கு நடுவுல வந்து லவினா நின்னா. அவ அந்த தளத்துக்கு வந்தது அன்னிக்கித்தான்.

"மம்மி, நேரா கேக்கறேன். நேரா பதில் சொல்லு. காத்த நீ எறக்கினியா?"

அக்கா கீழ பாத்துக்கினு நின்னா.

"நான் போவக்கூடாதுன்னு நெனச்சா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம் இல்ல? திருட்டுத்தனமா எதுக்கு மம்மி? நீ ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் சந்தேகப்பட்டப்ப நான் உன் பக்கம் நின்னேன். இப்ப உன்னையே சந்தேகப்பட வெச்சிட்டியே." சக்கரத்துலேர்ந்து கைய எடுத்து மடியில வெச்சிக்கினு அழ ஆரம்பிச்சா.

நாற்காலி மெதுவா நகந்துச்சி. அம்மாகிட்டேர்ந்து வெலகி, இடது பக்க சுவர் பக்கமா.

"பேசிக்கினே மூஞ்ச திருப்பிக்கினு போறியா?"ன்னா அக்கா.

லவினா கண்ண தொடைச்சிக்கினு கீழ பாத்தா. "நான் போவல மம்மி. அதுவா போவுது."

நாற்காலி சுவர்ல போயி மெத்துன்னு இடிச்சி நின்னுது. லவினா உருட்டிக்கினு நடுவுக்கு வந்தா, கைய எடுத்தா. மறுபடியும் அதே பக்கம், அதே சுவர். வழவழன்னு இருக்கற தளம் ஆச்சே, தடுக்க ஒண்ணும் இல்ல. "ராஜ்குமார் அண்ணா, இந்தத் தரை கோணலா இருக்கு"ன்னா.

"கம்பெனி தளம்மா இது"ன்னான் அவன், மனசு நொந்தவன் மாதிரி. ஆனாலும் போயி ரசமட்டத்த எடுத்துக்கினு வந்து தளத்து மேல வெச்சான். அத்தன நாளா அந்த ஷெட்டுல இருக்கான், அன்னிக்கி வரைக்கும் தளத்து மேல யாரும் ரசமட்டம் வெச்சதில்ல. வைக்கணும்னு யாருக்குத் தோணும்? குமிழி ஓடிப்போயி ஒரு ஓரத்துல ஒட்டிக்கிச்சி.

அக்கா அவன் கையிலேர்ந்து ரசமட்டத்த புடுங்கி, தலைமாத்தி வெச்சிப் பாத்தா. குமிழி அதே பக்கம். "இந்த ரசமட்டம் டூப்ளிகேட்டு"ன்னா.

ராஜ்குமார் சோப்புத் தண்ணிய எடுத்து தளத்துல ஊத்தினான். தண்ணி ஒரு நொடி நின்னு, அப்புறம் இடது பக்க சுவர் பக்கமா ஓடிச்சி. தண்ணிய டூப்ளிகேட்டுன்னு சொல்ல முடியாது. அடியில சுரங்கம், வருஷக் கணக்கா பூமி அசைஞ்சிக்கினு இருக்கற ஊரு. தளம் ஒடையாம முழுசா ஒரு பக்கம் எறங்கியிருக்கு. அவ்வளவு கெட்டியா போட்டிருக்காங்க, வெடிப்பு விட்டிருந்தாலாவது கண்டுபுடிச்சிருப்போம். சாஞ்ச தளத்து மேல வேன நேரா நிக்க வைக்க, இடது பக்கப் பைங்களுக்கு காத்து அதிகமா போயிருக்கு. சமமான ரோட்டுக்கு வந்ததும் இடது பக்கம் தூக்கி வலது பக்கம் சாஞ்சிருக்கு. வேன் ராத்திரியில சாயல. ஷெட்ட விட்டு வெளிய வரும்போதே சாஞ்சிதான் வந்திருக்கு, இருட்டுல நாங்க பாக்கல. லவினா மொத நாளே வந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அரிசி மூட்டைக்கு என்ன தெரியும்?

ராஜ்குமார் அக்கா முன்னாடி வந்து நின்னான். "மன்னிச்சிக்குங்கக்கா. நான் அப்பிடி சொல்லியிருக்கக்கூடாது."

லவினா அம்மா கைய புடிச்சிக்கினா. "மம்மி, சாரி மம்மி."

எங்கக்கா ஸ்டூல்ல உக்காந்தா. அதோட விட்டிருந்தா அவ ஜெயிச்ச மாதிரி இருந்திருக்கும். அவ விடல.

"காத்த நான் எறக்கல. ஆனா காவல் இருந்தேனே, அன்னிக்கி விடியற நேரம், ஐடா வந்து பாத்துட்டு டீ போட உள்ள போனா. நான் வேன்ல ஏறினேன். பொட்டிய கையில எடுத்தேன். பட்டன் மேல வெரல வெச்சேன்."

லவினாதான் கேட்டா. "அமுத்தினியா?"

"இல்ல."

"ஏன்?"

"வெளிச்சம் வந்துச்சி. எட்டிப் பாத்தேன். வேன் ஏற்கெனவே சாஞ்சிருந்துச்சி." முந்தானைய வாயில வெச்சிக்கினா. "நான் கண்ணசந்த நேரத்துல எவனோ என் வேலைய முடிச்சிட்டான்னு நெனச்சேன். சந்தோஷமா இருந்துச்சி லவி. அந்த சந்தோஷத்ததான் என்னால தாங்க முடியல. அதனாலதான் இவன் கேட்டப்ப எனக்கு வாய் வரல."

லவினா அம்மா கைய விடல. புடிச்சிக்கினும் இல்ல, சும்மா இருந்துச்சி கை. அப்பிடியே ராஜ்குமார் பக்கம் திரும்பி, "வேற எடத்துல வெச்சி செட் பண்ணுங்கண்ணா. இந்த தடவ நான் ஏறி உக்காந்துக்கறேன்"ன்னா.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சப்புறம் சர்ச் பக்கத்துல வாலிபால் ஆடற சிமெண்டு தரையில வேன நிறுத்தினோம். மொதல்ல தரைக்கு ரசமட்டம், ரெண்டு பக்கமும் திருப்பி வெச்சி. வெச்சிப் பாத்தது அக்காதான். அப்புறம் லவினா உள்ள இருக்க, பகல் வெளிச்சத்துல ராஜ்குமார் செட் பண்ணினான். பூசைக்கு வந்த சாம்ராஜ் கூட நின்னு பாத்தாரு. அக்கா அவருக்கு ஒரு வணக்கம் வெச்சா. எதுக்குன்னு அவருக்குத் தெரியாது, அவரும் திருப்பி வெச்சாரு.

திங்கக்கிழமை காலைல வேன் லைன்ல நேரா நின்னுது. லவினா இஸ்திரி போட்ட சுடிதார், மடியில டிபன் பாக்ஸ். நான் பொட்டிய எடுக்கப் போனேன். "ஆண்ட்டி, மம்மிகிட்ட குடுங்க"ன்னா.

அக்கா வாங்க மாட்டேன்னா. "எனக்கு வேணாம். நான் பட்டது போதும்."

"புடி மம்மி. நீயே எறக்கு."

அக்கா அமுத்தினா. புஸ்ஸுன்னு வேன் மண்டி போட்டுது, பலகை படுத்துக்கிச்சி. லவினா ரெண்டு தள்ளு தள்ளினா, உள்ள போயி, திரும்பி, பிரேக்க போட்டுக்கினா. யாரும் தொடல. பக்கத்து வீட்டு ஜன்னல்ல யாரோ கை தட்டினாங்க.

இனி மேல ஏத்தற பட்டன். அக்கா அதுமேல வெரல வெச்சிட்டு நின்னுட்டா. நான் ஸ்டேரிங்க புடிச்சிக்கினு கண்ணாடில பாத்துக்கினே இருக்கேன். பொய் சொல்லக்கூடாது, எனக்கு அந்த நேரத்துல கூட சந்தேகந்தான். லவினா அம்மாவையே பாத்துக்கினு இருந்தா, அமுத்துன்னு சொல்லவும் இல்ல.

அமுத்தினா. கம்ப்ரஸர் சத்தம் போட்டுது, வேன் நாலு மூலையும் சேந்து எழுந்துச்சி. பொட்டிய என்கிட்ட குடுத்துட்டு, பக்கவாட்டுக் கதவ இழுத்து மூடிட்டு, அக்கா வீட்டுப் பக்கம் நடந்தா. திரும்பிப் பாக்கல. கதவ இன்னொரு தரம் இழுத்துப் பாக்கவும் இல்ல.

எனக்குத்தான் மனசு கேக்கல. கீழ எறங்கிப் போயி நானே ஒரு தரம் இழுத்துப் பாத்துட்டு வந்து வண்டிய எடுத்தேன்.